இரண்டு வருட வேலை, அறுபது வருட வாழ்க்கை: ஜெர்மனியின் துருக்கியர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஐரோப்பாவில் முஸ்லிம் குடியேறிகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் தலைத்துணியில் தொடங்கி மசூதிக் கோபுரத்தில் முடிந்துவிடுகிறது. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், நான்காம் வகுப்பு மதிப்பெண் அட்டை, கடவுச்சீட்டில் விழும் முத்திரை ஆகியவற்றை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒருவர் ஒரு நாட்டோடு ஒட்டினாரா இல்லையா என்பதை இந்தக் காகிதங்களே முதலில் காட்டிக்கொடுக்கும்.

இந்த ஆய்வுக்கு ஜெர்மனியை எடுத்ததற்குக் காரணம், அங்கே நடந்த பிசகுகள் பலவும் தேதியோடு சட்டமாகவே பதிவாகியிருக்கின்றன. ஜெர்மன் மத்திய குடியேற்ற அலுவலகம் 2021ல் வெளியிட்ட ஆய்வின்படி அங்கே 53 முதல் 56 லட்சம் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ 6.5 சதம். அவர்களில் சுமார் 45 சதத்தினர் துருக்கி வழி வந்தவர்கள். மூன்று நான்கு தலைமுறை கண்ட சமூகம் என்பதால் எந்த முடிவு என்ன விளைவைத் தந்தது என்று பின்தொடர்ந்து பார்க்க முடிகிறது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "இவர்கள் போய்விடுவார்கள்" என்ற கணக்கில் அரசு செய்தவையெல்லாம் ஒருங்கிணைப்பைக் கெடுத்தன. அந்தக் கணக்கைக் கைவிட்ட இடங்களில் மதம் பெரிய தடையாக நிற்கவில்லை.

ஆள் எடுத்த விதம்

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் சுவர் எழுந்ததும் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த தொழிலாளர் வரத்து நின்றுபோனது. மேற்கு ஜெர்மனி அதற்கு முன்பே இத்தாலியோடு (1955), ஸ்பெயின், கிரீஸ் நாடுகளோடு (1960) ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் போட்டிருந்தது. துருக்கியோடு 1961 அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது. இத்தாலியருக்கான ஒப்பந்தத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி இருந்தது. துருக்கியருக்கு அது இல்லை. அதோடு, அதிகபட்சம் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும், அந்த இடத்துக்குப் புதிய ஆள் வருவார் என்ற சுழற்சி நிபந்தனையும் சேர்க்கப்பட்டது.

ஆள் எடுப்பு இஸ்தான்புல்லில் இருந்த ஜெர்மன் தொடர்பு அலுவலகம் வழியாக நடந்தது. துருக்கி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்தவர்களிலிருந்து, நிறுவனம் கேட்ட தொழிலுக்கு ஏற்ப ஆட்கள் அழைக்கப்பட்டார்கள். கைத்தொழில் சோதனை முடிந்ததும் மருத்துவப் பரிசோதனை: ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, பல். உள்ளாடையோடு கூட்டமாக வரிசையில் நிறுத்திப் பார்த்தார்கள். வந்தவர்கள் பலர் ஆயுள் முழுக்க மறக்காதது இதைத்தான். தேறியவருக்கு ஒரு வருட ஒப்பந்தம். இஸ்தான்புல்லின் சிர்கெஜி நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மூன்று நாளில் மியூனிக், 11ஆம் நடைமேடை. அதன் அடியில் போர்க்காலப் பதுங்குகுழி ஒன்று இருந்தது. அங்கே சாப்பாடு கொடுத்து, பெயர் வாசித்து, கொலோன், ஸ்டுட்கார்ட், ரூர் சுரங்கப் பகுதி என்று பிரித்து அனுப்பினார்கள். தலைக்கு இவ்வளவு என்று நிறுவனம் அரசுக்குக் கட்டணம் கட்டியது. தங்க இடமும் நிறுவனமே தர வேண்டும். பெரும்பாலும் ஆலை வளாகத்துக்குள் மரக்கொட்டகை, அடுக்குக் கட்டில், ஒரே சமையலறை.

மொழி வகுப்பு இந்தப் பட்டியலில் எங்குமே கிடையாது. இரண்டு வருடத்தில் போகிறவருக்கு ஜெர்மன் எதற்கு என்பது அலுவலகத்தின் எண்ணம். வந்தவரின் எண்ணமும் அதுவே: காசு சேர்த்து ஊரில் நிலமோ டிராக்டரோ வாங்கிவிட்டால் போதும். இரு தரப்பும் ஒரே தப்புக்கணக்கைப் போட்டார்கள்.

அந்தக் கணக்கை முதலில் உடைத்தவர்கள் முதலாளிகள். வேலை பழகிய ஆளை இரண்டு வருடத்தில் அனுப்பிவிட்டுப் புதியவருக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர எந்தத் தொழிற்சாலைக்கும் கட்டுப்படியாகவில்லை. அவர்கள் நெருக்கியதால் 1964ல் இரண்டு வருட வரம்பு நீங்கியது. ஆனால் வரம்பை நீக்கிய அரசு, நீண்ட காலம் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவில்லை. 1961 முதல் 1973 வரை வந்த துருக்கியர் சுமார் 8,67,000 பேர். பாதிக்கு மேல் திரும்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களைப் பற்றியதுதான் இந்த ஆய்வு.

ஆலைக்குள் ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம்

ஒருங்கிணைப்பு முதலில் நடந்த இடம் ஆலைத்தளம். கூட்டு ஒப்பந்தப்படி ஜெர்மானியருக்கும் துருக்கியருக்கும் ஒரே கூலி விகிதம், ஒரே ஓய்வூதியக் காப்பீடு, ஒரே மருத்துவக் காப்பீடு. 1972ல் வந்த ஆலை நிர்வாகச் சட்டம், எந்த நாட்டவரானாலும், தொழிலாளர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆலைக் குழுவுக்குப் போட்டியிடலாம் என்றது. நாடாளுமன்றத்துக்கோ நகராட்சிக்கோ ஓட்டுப்போட முடியாத ஒரு துருக்கியர், வேலை செய்யும் இடத்தில் நின்று ஜெயித்து நிர்வாகத்தின் எதிரே உட்கார முடிந்தது.

ஏட்டில் இருந்த இந்தச் சமத்துவம் தளத்துக்கு வந்துசேரத் தாமதமானது. கொலோன் ஃபோர்டு ஆலையில் 1973 ஆகஸ்டில் நடந்த வேலைநிறுத்தம் அதற்குச் சாட்சி. அசெம்பிளி லைனின் கடினமான இடங்களில் நின்றவர்கள் பெரும்பாலும் துருக்கியர். கோடை விடுப்புக்குக் காரிலேயே துருக்கியின் அனதோலியா வரை போய்வர வேண்டும். தாமதமாகத் திரும்பிய சுமார் 300 பேரை நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. அவர்கள் வேலையையும் மற்றவர்கள் சேர்த்துச் செய்ய வேண்டும் என்றதும் லைன் நின்றது. ஆலைக் குழுவும் தொழிற்சங்கமும் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் காவல்துறை உதவியோடு அது முறியடிக்கப்பட்டது. பாடம் படித்தது தொழிற்சங்கம்தான்: பிந்திய ஆண்டுகளில் உலோகத் தொழிலாளர் சங்கத்தில் துருக்கிய ஆலைக்குழு உறுப்பினர்கள் சாதாரணக் காட்சியானார்கள்.

கதவைச் சாத்தியதால் தங்கிவிட்டவர்கள்

எண்ணெய் நெருக்கடி வந்ததும் 1973 நவம்பர் 23 அன்று ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. எண்ணிக்கையைக் குறைக்க எடுத்த இந்த முடிவு நேரெதிராக வேலை செய்தது. அதுவரை, ஊருக்குப் போய் ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டு மறுபடி வரலாம் என்ற நம்பிக்கை இருந்தது. இனி வெளியேறினால் திரும்ப முடியாது. அதனால் போக நினைத்தவரும் போகவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் இங்கே வரவழைத்தார். சுமார் 9 லட்சமாக இருந்த துருக்கியர் எண்ணிக்கை 1980ல் ஏறத்தாழ 14.6 லட்சம் ஆனது.

அடுத்தடுத்த விதிகளும் இதற்கு எண்ணெய் ஊற்றின. 1975 ஜனவரியிலிருந்து, துருக்கியில் வாழும் பிள்ளைகளுக்கான குழந்தைப்படி ஜெர்மனியில் வாழும் பிள்ளைகளுக்கானதைவிடக் குறைக்கப்பட்டது. பிள்ளையை இங்கே கொண்டுவந்தால் முழுப் படி. எந்தத் தகப்பனும் போடக்கூடிய கணக்கு. அதே சமயம், குறிப்பிட்ட தேதிக்குப் பின் வந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பணி அனுமதி கிடையாது என்று ஒரு விதி. ஆக, குடும்பம் வரலாம், வேலைக்குப் போக முடியாது. கட்டடத்தின் நான்கு சுவருக்குள் பத்து வருடம் இருந்து, கடைக்காரரும் துருக்கியராகவே இருந்துவிட்டால் மொழி எங்கிருந்து வரும்? முதல் தலைமுறைப் பெண்களின் ஜெர்மன் அறிவு குறைந்திருந்ததை மதத்தோடு முடிச்சுப்போட்டு எழுதியவர்கள் இந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

வீட்டு விஷயத்தில் இன்னும் வேடிக்கை. மேற்கு பெர்லினில் சுவருக்குப் பக்கத்தில் இருந்த கிராய்ட்ஸ்பெர்க் போன்ற பகுதிகள் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படவிருந்தன. பழைய வீடுகளைப் பழுதுபார்க்க உரிமையாளர்களுக்கு மனமில்லை. இடிக்கும் வரை துருக்கியருக்கு வாடகைக்கு விட்டார்கள். கூட்டம் சேர்ந்ததும் 1975ல் கிராய்ட்ஸ்பெர்க், வெட்டிங், டியர்கார்டன் மூன்றிலும் வெளிநாட்டவர் புதிதாகக் குடிவரத் தடை வந்தது. "இந்த வட்டாரங்களில் குடியேற அனுமதியில்லை" என்று கடவுச்சீட்டிலேயே முத்திரை குத்தினார்கள். மற்ற வட்டாரங்களில் வீடு கொடுப்பவர் இல்லாததால் பலர் தெரிந்தவர் முகவரியைப் பதிந்துவிட்டு அங்கேயே இருந்தார்கள். சேரி உருவாக வழி விட்டதும் அதற்குத் தடை போட்டதும் ஒரே நிர்வாகம்.

நான்காம் வகுப்பில் பிரியும் பாதை

ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் கிம்னாசியும், நடுவில் ரியால்ஷூலே, கைத்தொழிலுக்கு அனுப்பும் ஹௌப்ட்ஷூலே என்பதே அன்றைய பிரிவு. பத்து வயதில் விழும் இந்தத் தீர்ப்பை ஆசிரியரின் பரிந்துரையே பெருமளவு தீர்மானிக்கிறது. எட்டு வயதில் அனதோலியக் கிராமத்திலிருந்து வந்த பிள்ளைக்கு மொழி பிடிபடவே இரண்டு வருடம் ஆகும். அதற்குள் பிரிப்பு நேரம் வந்துவிடும்.

அதற்கு மேல், சில மாநிலங்கள் துருக்கியப் பிள்ளைகளைத் தனி வகுப்புகளில் தாய்மொழியிலேயே வைத்தன. திரும்பிப் போகும்போது அங்கே பள்ளியில் சேர வசதியாக இருக்க வேண்டுமாம். தாய்மொழிக் கல்வி நல்லதுதான். ஆனால் இங்கே நோக்கம் வேறு, அதனால் ஜெர்மனும் அரைகுறை, துருக்கியும் அரைகுறை என்று ஒரு தலைமுறை வெளியே வந்தது.

கொரோனா தடுப்பூசி தயாரித்த பயோஎன்டெக் நிறுவனத்தைத் தொடங்கிய உகுர் ஷாஹினின் கதை பலருக்குத் தெரியும். தந்தை கொலோன் ஃபோர்டு ஆலைத் தொழிலாளி. நான்கு வயதில் ஜெர்மனி வந்தவர். ஆசிரியர் அவரை ஹௌப்ட்ஷூலேக்குப் பரிந்துரைக்க, பக்கத்து வீட்டு ஜெர்மானியர் தலையிட்ட பிறகே கிம்னாசியும் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சாதனைக் கதையாகச் சொல்லப்படும் இதை இந்த ஆய்வு பழுது அறிக்கையாகவே படிக்கிறது. தட்டிக் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரர் இல்லாதவர்கள் எத்தனை பேர்?

2001 டிசம்பரில் வெளிவந்த, பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வின் முடிவு, பெற்றோரின் நிலை பிள்ளையின் மதிப்பெண்ணை மிக அதிகமாகத் தீர்மானிக்கும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று என்று போட்டு உடைத்தது. 2006ல் பெர்லின் நோய்கோல்ன் வட்டாரத்தின் ரூட்லி பள்ளி ஆசிரியர்கள், நிலைமை கைமீறிவிட்டது, இந்த வகைப் பள்ளியையே மூடிவிடுங்கள் என்று கல்வி நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. மாணவர்களில் 80 சதத்துக்கு மேல் குடியேறிகளின் பிள்ளைகள். வகுப்புக்குள் போகும்போது ஆபத்துக்கு உதவியாகக் கைபேசியை எடுத்துச் செல்கிறோம் என்று ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். கடிதத்தில் கவனிக்க வேண்டிய பகுதி வேறு: பெற்றோரோடு துருக்கியிலோ அரபியிலோ பேசத் தெரிந்த ஆள் பள்ளியில் இல்லை, ஹௌப்ட்ஷூலே சான்றிதழை வைத்துக்கொண்டு வேலை கிடைக்காது என்று மாணவர்களுக்கே தெரியும்.

பிறகு செய்யப்பட்ட மாற்றம் எளிமையானது, செலவு பிடித்தது. தொடக்கப்பள்ளியையும் இரு வகை மேல்நிலைப் பள்ளிகளையும் இணைத்து, பிரிப்பே இல்லாத ஒரே பள்ளியாக்கினார்கள். பாலர் பள்ளியையும் அதே வளாகத்துக்குள் சேர்த்தார்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான மேல்வகுப்பைத் திறந்தார்கள். 2014ல் முதல் அணி அந்த நுழைவுக்கான அபிட்டூர் தேர்வை முடித்தது. அதே தெரு, அதே குடும்பங்கள், அதே மதம். மாறியது பள்ளியின் அமைப்பு.

அதே நோய்கோல்னில் 2004ல் தொடங்கிய "வட்டாரத் தாய்மார்" திட்டமும் பார்க்கத் தக்கது. துருக்கி, அரபு மொழி பேசும் பெண்களுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்து, தங்கள் சமூகத்துக் குடும்பங்களுக்கே அனுப்பினார்கள். கழுத்தில் சிவப்புத் துணி, தோளில் பை. ஒரு குடும்பத்துக்குப் பத்து முறை, முறைக்கு ஒரு பொருள்: பாலர் பள்ளியில் சேர்ப்பது, இருமொழி வளர்ப்பு, பல் பராமரிப்பு, தொலைக்காட்சி நேரம், உடல்பற்றிய கேள்விகள் இப்படி. அரசு அதிகாரி மணியடித்தால் திறக்காத கதவு இவர்களுக்குத் திறந்தது. இதன் பலவீனம் ஊதியம்: பல ஆண்டுகள் இது வேலையற்றோருக்கான தற்காலிகத் திட்டப் பணத்தில் ஓடியது. பழகிய பெண் ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேறிவிடுவார். 1961ன் சுழற்சி முறை வேறு உருவில் திரும்பி வந்தது போல.

காசு கொடுத்து அனுப்பிய அரசு

1979ல், வெளிநாட்டவருக்கான முதல் மத்திய ஆணையர் ஹைன்ஸ் கூன் ஓர் அறிக்கை கொடுத்தார். இது தற்காலிக வேலைவாய்ப்பு இல்லை, குடியேற்றம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை பெறும் உரிமையும், நீண்டநாள் வாழ்பவருக்கு உள்ளாட்சி வாக்குரிமையும் கொடுங்கள் என்றார். அறிக்கை அலமாரிக்குப் போனது. 1982ல் பிரதமரான ஹெல்முட் கோல், துருக்கியர் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும் என்று மார்கரெட் தாட்சரிடம் சொன்னது 2013ல் பிரிட்டன் ஆவணங்கள் வெளியானபோது தெரிந்தது.

1983ன் திரும்பல் உதவிச் சட்டப்படி வேலை இழந்தவருக்கு 10,500 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்), பிள்ளை ஒன்றுக்கு 1,500 மார்க். அவர் கட்டிய ஓய்வூதியப் பங்கு உடனே கையில். முதலாளி கட்டிய பங்கு கிடையாது. குடும்பத்தோடு நிரந்தரமாக வெளியேற வேண்டும். கணக்குத் தெரிந்தவர்கள், முதலாளியின் பங்கை அரசே வைத்துக்கொள்கிறது என்று உடனே கண்டுகொண்டார்கள். இருந்தும் பலர் போனார்கள். தங்கியவர்களுக்குக் கிடைத்த செய்தி கசப்பானது: உங்களை அனுப்ப நாங்கள் காசும் கொடுப்போம். மோல்ன் (1992), சோலிங்கன் (1993) நகரங்களில் துருக்கியர் வீடுகளுக்கு வலதுசாரிகள் தீவைத்து முறையே மூவரும் ஐவரும் இறந்தபோது, அந்தச் செய்தி வேறு கைகளுக்குப் போயிருந்தது தெரிந்தது. 2000 முதல் 2007 வரை நவநாஜிக் கும்பல் ஒன்று பத்துப் பேரைக் கொன்றது, எட்டுப் பேர் துருக்கி வழியினர். 2011 வரை காவல்துறை சந்தேகப்பட்டது இறந்தவர்களின் குடும்பங்களை.

மசூதியும் சம்பளமும்

ஜெர்மன் அரசு திரும்பிப் பார்க்காத இடத்தில் துருக்கியின் தலைநகர் அங்காரா வந்து உட்கார்ந்தது. முதலில் தொழிலாளர் விடுதி அறைகளிலும், பின்னர் கட்டடங்களின் பின்கட்டுகளிலும், காலி ஆலைக்கூடங்களிலும் தொழுதார்கள். 1984ல் கொலோனில் டிடிப் என்ற மசூதிக் கூட்டமைப்பு உருவானது. இமாம்களைத் துருக்கியின் மத விவகாரத் துறை அனுப்பியது. சம்பளமும் அதுவே கொடுத்தது. அவர்கள் துருக்கி அரசு ஊழியர்கள். சில வருடம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போவார்கள், ஜெர்மன் தெரியாது. கொலோனில் பிறந்த பதினாறு வயதுப் பையன் பள்ளியில் ஏற்பட்ட சிக்கலைக் கொண்டுபோனால் அவருக்குப் பின்னணியே புரியாது. சம்பளம் கொடுப்பவரின் அரசியலும் கூடவே வந்தது: துருக்கியில் நடந்த 2016 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குப் பின், சில இமாம்கள் எதிர்த்தரப்பினர் பற்றித் தகவல் அனுப்பியதாக எழுந்த புகார் பெரிய சர்ச்சையானது.

இதை மாற்றுவது ஏன் கடினம் என்றால், ஜெர்மன் அரசியல் சட்டப்படி அரசு இமாம்களை நியமிக்க முடியாது. தேவாலயங்கள் போலப் பொதுச் சட்ட அமைப்பு என்ற தகுதி இருந்தால் உறுப்பினரிடமிருந்து வரி வசூலிக்கலாம், சம்பளத்தைச் சமாளிக்கலாம். அதற்குத் தெளிவான உறுப்பினர் பட்டியலும் நிலையான அமைப்பும் வேண்டும். மசூதிக்கு வருகிறவர் பெயர் பதிந்து உறுப்பினராவது பெரும்பான்மை முஸ்லிம் மரபில் வழக்கமில்லை. 2013ல் ஹெஸன் மாநிலத்தில் அஹ்மதியா ஜமாஅத் என்ற சிறு பிரிவு இந்தத் தகுதியைப் பெற்றது. இறுக்கமான உறுப்பினர் அமைப்பு அவர்களிடம் இருந்தது. பெரிய சுன்னி கூட்டமைப்புகள் இன்னும் பெறவில்லை.

நடந்த மாற்றங்கள்: 2006ல் உள்துறை அமைச்சர் வோல்ஃப்காங் ஷாய்ப்ளே, அரசும் முஸ்லிம்களும் உட்கார்ந்து பேசும் இஸ்லாம் மாநாட்டைத் தொடங்கினார். 2010க்குப் பின் ட்யூபிங்கன், முன்ஸ்டர், ஓஸ்னாப்ருக், ஃபிராங்ஃபர்ட் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய இறையியல் துறைகள் வந்தன. 2021ல் ஓஸ்னாப்ருக்கில் ஜெர்மன் மொழியில் இமாம் பயிற்சிக் கல்லூரி. 2023 டிசம்பரில், துருக்கியிலிருந்து அனுப்புவதைப் படிப்படியாக நிறுத்தி ஆண்டுக்கு 100 பேரை ஜெர்மனியிலேயே பயிற்றுவிக்க இரு நாடும் உடன்பட்டன. பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஒரு சிறு மசூதி சங்கத்தால் பட்டதாரிக்கேற்ற சம்பளம் தர முடியாது என்பதே இப்போதைய முட்டுக்கட்டை.

அறுநூறு பாடவேளை

நாற்பத்து நான்கு வருடம் கழித்து, 2005 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டம் முதல்முறையாக மொழி வகுப்பை உரிமையும் கடமையும் ஆக்கியது. அதன் நடைமுறை இது. வெளிநாட்டவர் அலுவலகம் தகுதிச் சீட்டு தரும். அதைக் கொண்டுபோய் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் நிலைத்தேர்வு எழுத வேண்டும். 45 நிமிடம் ஒரு பாடவேளை; நூறு வேளைக்கு ஒரு பகுதி; ஆறு பகுதி, மொத்தம் 600. முழுநேரமாகப் போனால் வாரம் 25 வேளை, ஆறேழு மாதத்தில் முடியும். இறுதித் தேர்வில் பி1 என்ற இடைநிலை மொழித்திறனை எட்ட வேண்டும். எட்டாதவர் 300 வேளை திரும்பப் படிக்கும் வசதியும் பல ஆண்டுகள் இருந்தது. எழுத்தே அறியாதவருக்கு 900 வேளை வரை போகும் தனி வகுப்பு உண்டு. பின்னர் சட்டம், வரலாறு, சமூகம் பற்றிய அறிமுக வகுப்பு: தொடக்கத்தில் 30 வேளை, இப்போது 100. அதன் முடிவில் 33 கேள்வி. 15 சரியானால் வகுப்பில் தேர்ச்சி, 17 சரியானால் குடியுரிமைக்கும் செல்லும். 300 பொதுக் கேள்வியும் மாநிலத்துக்குப் பத்தும் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருப்பதால் இதில் தோற்பவர் குறைவு.

மொழித்தேர்வில்தான் சறுக்கல். காரணங்கள் தரையில் இருக்கின்றன. ஒரே வகுப்பில் அலெப்போவின் பல் மருத்துவரும் பள்ளி வாசலையே மிதிக்காத விவசாயியும் உட்காருகிறார்கள். ஆசிரியர் நடுவில் ஒரு வேகத்தைப் பிடிக்க, ஒருவர் சலிக்கிறார், மற்றவர் விடுபடுகிறார். ஆசிரியர்களில் பலர் மணிக்கணக்குக் கூலிக்காரர்கள், நிரந்தர வேலை கிடைத்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். குழந்தையைப் பார்க்க ஆளில்லாத தாய் மூன்றாம் பகுதியோடு நின்றுவிடுகிறாள். வகுப்பு முடிந்து வேலை தொடங்குவதற்குள் ஆறு மாதம் இடைவெளி விழுந்தால் படித்தது பாதி கரைந்துபோகும். தேறியவருக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது: பி1 கடைக்குப் போகவும் மருத்துவரிடம் பேசவும் போதும், தொழிற்பயிற்சிப் பள்ளியின் பாடப்புத்தகத்துக்குப் போதாது, அதற்கு அடுத்த படியான பி2 வேண்டும். வேலைசார் மொழி வகுப்புகள் 2016ல்தான் ஒழுங்கான திட்டமானது.

2015: பழைய பாடம் எவ்வளவு ஏறியது

2015ல் ஏறத்தாழ 8,90,000 பேர் புகலிடம் தேடி வந்தார்கள். பெரும்பகுதி சிரியர், ஆப்கானியர், ஈராக்கியர். இம்முறை வகுப்பு முதல் ஆண்டிலேயே திறந்தது. பணி அனுமதிக்கான காத்திருப்பு மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2016ன் சட்டம், புகலிடம் மறுக்கப்பட்டவரும் தொழிற்பயிற்சியில் சேர்ந்துவிட்டால் மூன்று வருடப் பயிற்சியையும் பின் இரண்டு வருட வேலையையும் முடிக்கலாம் என்றது. டுல்டுங் என்ற தற்காலிகச் சீட்டோடு வருடக்கணக்கில் காலம் தள்ளிய ஈழத்தமிழருக்கு இதன் அருமை விளக்கத் தேவையில்லை. 1980களில் அவர்களுக்கு இந்தக் கதவு இல்லை.

விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. 2015ல் வந்தவர்களில் ஏழெட்டு வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேலையில் இருந்தார்கள். சிரிய மருத்துவர்கள் சுமார் 6,000 பேர். வெளிநாட்டு மருத்துவர்களில் பெரிய கூட்டம் இவர்கள். ஆனால் 2015ல் வந்தவர்களில் வேலையில் இருந்தோர், ஆண்களில் நான்கில் மூன்று என்ற அளவு, பெண்களில் மூன்றில் ஒன்று. இதில் குடும்ப வழக்கத்துக்கும் பங்குண்டு, மறைக்க வேண்டியதில்லை. பெண் வெளியே போவதைத் தடுக்கும் வீடுகள் உண்டு. 2005ல் பெர்லினில் ஹாதுன் சுருஜு என்ற இளம்பெண் தன் சொந்தத் தம்பியால் சுடப்பட்டது அதன் கொடிய முனை. அந்த வீடுகளுக்குச் சட்டம் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2013ல் மத்திய நிர்வாக நீதிமன்றம், நீச்சல் வகுப்பிலிருந்து முஸ்லிம் மாணவிக்கு விலக்குத் தர மறுத்து, உடல் மூடும் நீச்சலுடை அணிந்து வரலாம் என்றது நல்ல முன்மாதிரி: கடமை எல்லோருக்கும் ஒன்று, நிறைவேற்றும் வழியில் நெகிழ்வு.

வாசல் தாண்டி வெளியே வந்த பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2016ல் வெளியான ஒரு பரிசோதனையில், ஒரே படிப்பு, ஒரே அனுபவம், ஒரே பெண்ணின் படத்தோடு விண்ணப்பங்கள் போயின. ஜெர்மன் பெயருக்கு 18.8 சதம் நேர்முக அழைப்பு. துருக்கிப் பெயருக்கு 13.5. அதே துருக்கிப் பெயரோடு படத்தில் தலைத்துணி இருந்தால் 4.2 சதம். ஓர் அழைப்புக்கு நான்கரை மடங்கு விண்ணப்பம் போட வேண்டியவள் சலித்து உட்கார்ந்தால், மறுபடி புள்ளிவிவரத்தில் "வேலை தேடாதவர்" என்று பதிவாகிறாள்.

கடைசிக் காகிதம்

1913ன் சட்டப்படி குடியுரிமை ரத்த வழியில்தான். 2000 ஜனவரி 1 முதல் அது மாறியது: பெற்றோரில் ஒருவர் எட்டு வருடம் சட்டப்படி வாழ்ந்திருந்தால் இங்கே பிறக்கும் பிள்ளை ஜெர்மானியர் என்றது அன்றைய விதி. ஆனால் 23 வயதுக்குள் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வால் ஒட்டினார்கள். பெரும்பாலோருக்கு அது 2014ல்தான் நீங்கியது. பெரியவர்கள் துருக்கியக் குடியுரிமையைக் கைவிட வேண்டியிருந்தது. கைவிட்டு ஜெர்மன் குடியுரிமை வாங்கியபின், பழைய வழக்கப்படி துருக்கியத் தூதரகத்தில் பழையதைத் திரும்பப் பெற்றவர்கள், 2000க்குப் பின் விதி மாறியதை அறியாமல் ஜெர்மன் குடியுரிமையைத் தானாகவே இழந்தார்கள். பல்லாயிரம் பேருக்கு இப்படி நடந்தது.

2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமை எல்லோருக்கும் உண்டு. ஐந்து வருட வாசம், பி1, 33 கேள்வித் தேர்வு, அரசு உதவியில்லாத வருமானம், 255 யூரோ கட்டணம். சிறப்பாக ஒருங்கிணைந்தவருக்கு மூன்று வருடம் என்ற சலுகை வந்த வேகத்தில் 2025ல் நீக்கப்பட்டது. 1974 ஜூன் 30க்கு முன் வந்த தொழிலாளருக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம், அன்றாடம் பேசத் தெரிந்தால் போதும், கேள்வித்தாளும் இல்லை. சுரங்கத்திலும் ஆலையிலும் தேய்ந்தவருக்கு இந்தச் சலுகை வந்தபோது அவர்களில் பலர் எண்பதை நெருங்கிவிட்டார்கள், பலர் இல்லை.

2024ல் குடியுரிமை பெற்றவர் சுமார் 2,92,000 பேர், அதில் சிரியர் 83,000க்கு மேல். இப்போதைய அடைப்பு சட்டத்தில் இல்லை, அலுவலகத்தில் இருக்கிறது. பெருநகரங்களில் விண்ணப்பம் ஒன்றரை, இரண்டு வருடம்கூடக் கிடக்கிறது. காத்திருக்கும் காலத்தில் சம்பளச் சீட்டு பழசாகிவிடும், வேலை மாறியிருக்கும், கடவுச்சீட்டு காலாவதியாகும். ஒவ்வொன்றுக்கும் புதுக் காகிதம் கேட்டுக் கடிதம் வரும். விண்ணப்பிப்பவர் முதல் நாளே பிறப்புச் சான்றிதழின் உறுதி செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு, ஓய்வூதியக் காப்பீட்டின் முழுப் பதிவு, வாடகை ஒப்பந்தம், பி1 சான்று ஆகியவற்றைச் சேர்த்தே கொடுத்தால் ஒரு சுற்று மிச்சமாகும். மூன்று மாதமாகியும் தக்க காரணமின்றி முடிவு வராவிட்டால், அதிகாரி செயல்படவில்லை என்று நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. அப்படி வழக்குப் போட்டவரின் கோப்பு மேலே வருகிறது. வழக்கறிஞருக்குக் காசில்லாதவரின் கோப்பு அதற்குக் கீழே போகிறது.